தராசுத் தட்டில் இருப்பது யாருடைய உயிர்?

கொஞ்சம் நீளமான பதிவு. கார் பிரியர்கள் கோபப்படாமல் கடைசி வரை படிக்கவும்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமார் ஓட்டிய போர்ஷே கார், தடுப்பில் மோதி பம்பரம் மாதிரி சுழன்ற வீடியோவை நம்மில் பலரும் பார்த்திருப்போம். கார் நின்றது. மனுஷன் தானாகவே இறங்கி நடந்து வந்தார். அதே வாரம் நடந்த பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் 3-வது இடமும் பிடித்தது.

"கடவுள் புண்ணியம்" என்றார்கள் சிலர்.
"தல தில்லு" என்றார்கள் சிலர்.

பக்திக்கும் நான் எதிரியில்லை, தில்லுக்கும் எதிரியில்லை. ஆனால் ஒரு அரசு மருத்துவராக எனக்கு அந்த வீடியோவில் தெரிந்தது வேறு. காருக்குள் இரும்புக் குழாய்களால் கட்டிய கூண்டு. இரண்டு தோள், இடுப்பு, தொடையிடுக்கு என்று உடம்பை சீட்டோடு கட்டிப்போடும் பெல்ட். ஹெல்மெட்டைத் தோளோடு பிணைத்து கழுத்து முன்னால் வெட்டி இழுபடாமல் பிடிக்கும் ஹான்ஸ் கருவி. மோதலை வாங்கிக்கொள்வதற்கென்றே ஓடுபாதை ஓரம் அமைத்த தடுப்பு.

இதில் ஒன்றைக்கூட ஓட்டுநர் விரும்பினால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் விடலாம் என்று எந்தப் பந்தய அமைப்பும் சொல்வதில்லை. இல்லையென்றால் களத்தில் இறங்கவே முடியாது.

இதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தில் ஒரு வசனம் உண்டு. "அழகு, வேகம், பாதுகாப்பு மூணையும் பேலன்ஸ் பண்றதுதான் சார் டிசைன். ஒண்ணு கூடினா ஒண்ணு குறையத்தான் செய்யும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தராசு என்றால் தட்டில் ஏதோ ஒன்றை வைத்துத்தானே ஆகணும்? அங்கே வைக்கப்படுவது யாருடைய உயிர், வைக்கச் சொன்னது யார் என்று நாம் கேட்பதே இல்லை.

*

முதலில் மருத்துவம்.

ஒரு விபத்தில் நடப்பது ஒரு மோதல் இல்லீங்க. மூன்று.

முதல் மோதல்: கார் சுவரில் மோதுகிறது.
இரண்டாவது: கார் நின்ற பிறகும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் உடம்பு ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ பெல்ட்டிலோ மோதுகிறது.
மூன்றாவது: உடம்பு நின்ற பிறகும் உள்ளே போய்க்கொண்டிருக்கும் உறுப்புகள் அதனதன் கூட்டில் மோதுகின்றன. மூளை மண்டையோட்டில் இடிக்கிறது. கல்லீரலும் மண்ணீரலும் கிழிகின்றன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி, அது முதுகுப்பக்கம் கட்டுண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கிழிகிறது.

வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் வந்து, பேசிக்கொண்டே இருந்து, சட்டென்று சரிந்துபோகிறவர்கள் உண்டு. காரணம் இந்த மூன்றாவது மோதல்தான்.

இதைத் தடுக்கும் கணக்கு பிளஸ் டூ இயற்பியல். மணிக்கு 72 கிமீ வேகத்தில் போகும் உடம்பை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் அது தாங்க வேண்டிய விசை அதன் எடையைப் போல் சுமார் 200 மடங்கு. அதே உடம்பை 1 மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் சுமார் 20 மடங்கு. முதலாவது மார்ச்சுவரி. இரண்டாவது வார்டு.

அந்த 1 மீட்டரை யார் தருவது? காரின் மூக்கு. அது கசங்க வேண்டும். ஆள் உட்கார்ந்திருக்கும் அறை கசங்கக் கூடாது. "இப்ப வர்ற காரெல்லாம் தகரம், லேசா இடிச்சாலே நசுங்குது" என்று கிண்டல் பண்ணுகிறோமே, அது நசுங்குவது நாம் நசுங்காமல் இருக்கத்தான்.

இன்னொரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு. 50-ல் போகிறவனைவிட 100-ல் போகிறவனுக்கு "டபுள் ரிஸ்க்" என்று நினைக்காதீர்கள்.

ஸ்போர்ட்ஸ் காரின் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தாழ்ந்த மூக்கு, தாழ்ந்த கூரை, சரிந்த பின்பக்கம். கண்ணுக்கு அழகு. ஆனால் கசங்கவும், காற்றை அடக்கவும், தலைக்கு இடம் விடவும் பொறியாளருக்குக் கிடைக்கும் இடம் குறைவு. வேகமோ மற்ற கார்களைவிட அதிகம். அப்படியானால் பாதுகாப்புக்கு இங்கேதான் அதிகம் மெனக்கெட வேண்டும், இல்லையா? நடந்தது என்ன என்று மூன்று கார்களை வைத்துப் பார்ப்போம்.

*

ஒன்று: அழகு ஜெயித்த கார்.

1998-இல் ஜெர்மனியின் ஆடி நிறுவனம் டிடி என்றொரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. முன்னும் பின்னும் வழுவழுவென்று உருண்ட வடிவம். வடிவமைப்பு உலகம் தலையில் வைத்துக் கொண்டாடியது. பின்பக்கம் ஒரு துருத்தல் கிடையாது, இறக்கை கிடையாது. அழகு கெடக் கூடாதே!

ஜெர்மனியின் ஆட்டோபான் சாலைகளில் பல இடங்களில் வேகக் கட்டுப்பாடு இல்லை. 180-க்கு மேல் போகும்போது திடீரென்று லேன் மாற்றினால், வளைவில் திருப்பினால் இந்தக் காரின் பின்பக்கம் பிடி விட்டது. உருண்டையான முதுகின் மேல் ஓடும் காற்று காரின் பின்பகுதியை மேலே தூக்கப் பார்க்கும். விபத்துகள் நடந்தன. உயிர்கள் போயின.

அதன் பிறகு, 1999 கடைசியிலும் 2000 தொடக்கத்திலும் விற்ற கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பின்னால் ஒரு சின்ன ஸ்பாய்லர் வைத்தார்கள். சஸ்பென்ஷனை மாற்றினார்கள். கார் வழுக்கினால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக பிரேக் பிடித்து நேராக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலையும் சேர்த்தார்கள்.

இப்போது சொல்லுங்கள். அந்த ஸ்பாய்லர் வந்த பிறகு டிடி அழகில்லாமல் போனதா? அந்தக் கார் இன்றும் சேகரிப்பாளர்களின் செல்லம். ஒரு கையகலத் துண்டு. அது முதல் நாளே இருந்திருக்கலாம்.

*

இரண்டு: "த்ரில்" ஜெயித்த கார்.

ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படங்களின் பால் வாக்கரைத் தெரியாத இளைஞர் உண்டா? 2013 நவம்பர் 30-ஆம் தேதி கலிஃபோர்னியாவில் இறந்தார். அவர் ஓட்டவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தார். கார், போர்ஷே கரேரா ஜிடி. 10 சிலிண்டர் எஞ்சின், 600 குதிரைத் திறனுக்கு மேல்.

விசாரணையில் சொன்னது: வேகம் மணிக்குச் சுமார் 130 முதல் 150 கிமீ. அந்தச் சாலையில் அனுமதி 72 கிமீ. டயர்கள் 9 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. ஆக, முதல் குற்றவாளி வேகம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஒரு விஷயம். அந்தக் காரில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கிடையாது. அதே நிறுவனத்தின் 911 காரில் அந்தத் தொழில்நுட்பம் அதற்கு முன்பே வந்துவிட்டது. சக்தி அதிகமான, விலை பல மடங்கு அதிகமான காரில் இல்லை. இந்த வகைக் கார்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்வது என்ன தெரியுமா? "கம்ப்யூட்டர் குறுக்கே வரக் கூடாது, மனுஷனும் மெஷினும் மட்டும் பேசணும், அதுதான் சுத்தமான ஓட்டம்."

அந்தக் கருவி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. நான் கேட்பது ஒன்றுதான். "சுத்தமான ஓட்டம்" வேண்டும் என்று முடிவு செய்தது ஓட்டுகிறவர், விற்கிறவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம் யார் கேட்டார்கள்?

அமெரிக்காவில் 2012 மாடல் கார்களிலிருந்து ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயம். ஐரோப்பாவில் 2014 கடைசியிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். அதனால் ஸ்போர்ட்ஸ் கார் அழிந்துபோனதா? முன்பைவிட வேகமாகத்தான் ஓடுகிறது.

*

மூன்று: கணக்குப்பிள்ளை ஜெயித்த கார்.

ஃபோர்டு மஸ்டங். நம் ஊரிலும் 2016-இல் விற்பனைக்கு வந்த கார். 2017 தொடக்கத்தில் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு இதை மோதவிட்டுச் சோதித்தது. 5-க்கு 2 நட்சத்திரம்.

முன்சீட்டில் ஏர்பேக் போதிய அளவு உப்பவில்லை. பின்சீட்டு பொம்மை பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போனது. அப்படி வழுக்கினால் பெல்ட் இடுப்பெலும்பைப் பிடிக்காமல் வயிற்றில் ஏறிக் குடலை அறுக்கும். முன்னால் மோதல் வருகிறது என்று எச்சரிக்கும் கருவி அமெரிக்க வாடிக்கையாளருக்குக் கிடைத்தது, ஐரோப்பிய வாடிக்கையாளருக்குக் கிடைக்கவில்லை.

செய்தி உலகம் முழுக்கப் போனது. அதே ஆண்டு மேம்படுத்திய மாடல் வந்தது. 3 நட்சத்திரம். காரின் உருவம் கெட்டதா? எஞ்சின் சோம்பலானதா? சில மாதங்களில் செய்ய முடிந்ததை முதலிலேயே ஏன் செய்யவில்லை? கேட்க ஆள் இல்லை. அவ்ளோதான்.

*

"டாக்டர், பாதுகாப்பு வெச்சா வெயிட் கூடும், வேகம் போயிடும், அசிங்கமா இருக்கும்" என்று வருவீர்கள். வாங்க.

1953-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது ஜாகுவார் சி-டைப். அதன் பெரிய பலம் டிஸ்க் பிரேக். நன்றாக நிற்கத் தெரிந்த கார்தான் வளைவு வரைக்கும் வேகமாகப் போக முடியும். பிரேக் பாதுகாப்புக் கருவியா, வேகக் கருவியா? இரண்டும்தான்.

1973 போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் காரின் பின்னால் வாத்து வால் மாதிரி ஒரு ஸ்பாய்லர். பின்பக்கத்தைக் காற்று தூக்காமல் தரையோடு அழுத்தப் பிறந்தது. இன்று அந்த வாலுக்காகவே அந்தக் காரைக் கும்பிடுகிறார்கள்.

1981-இல் மெக்லாரன் அணி கார்பன் ஃபைபரால் உடல் செய்த ஃபார்முலா 1 காரை இறக்கியது. உடைந்து தூளாகிவிடும் என்று பயந்தார்கள். அதே ஆண்டு மோன்சாவில் பெரிய விபத்து. கார் பிய்ந்தது. ஓட்டுநர் ஜான் வாட்சன் நடந்து வெளியே வந்தார். எடையும் குறைவு, உறுதியும் அதிகம்.

2006 ஜாகுவார் எக்ஸ்கே. தாழ்ந்த, நீண்ட பானட். நடந்து போகிறவர் மேல் மோதினால் அவர் தலை பானட்டில் அடிக்கும், பானட்டுக்கு அடியில் இரும்பு எஞ்சின். அழகைக் கெடுக்காமல் என்ன செய்தார்கள்? மோதிய அந்தக் கணத்தில் சிறு வெடிவிசையால் பானட்டின் பின்பகுதி சட்டென்று மேலே எழும். தலைக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இடைவெளி கிடைக்கும். விதி வந்தது. மூளை வேலை செய்தது. கார் அழகாகவே இருந்தது.

ஃபார்முலா 1-இல் 2018-இல் ஓட்டுநர் தலைக்கு மேல் ஹாலோ என்ற டைட்டானியம் வளையத்தைக் கட்டாயமாக்கினார்கள். என்னமா எதிர்ப்பு! ரப்பர் செருப்பு வார் மாதிரி இருக்கு என்று கேலி. ஒரு ரம்பம் கொடுத்தால் அறுத்து எடுத்துவிடுவேன் என்ற அர்த்தத்தில் மெர்சிடிஸ் அணித் தலைவர் டோட்டோ வோல்ஃப் பேசினார். எதிர்த்த ஓட்டுநர்களில் ஒருவர் ரொமெய்ன் க்ரோஜான்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். மணிக்கு 192 கிமீ வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதியது க்ரோஜானின் கார். 67 ஜி விசை. கார் இரண்டு துண்டு. தீப்பிழம்பு. தடுப்பைப் பிளந்துகொண்டு தலை போயிருக்க வேண்டிய இடத்தில் முதலில் போனது அந்த வளையம். அரை நிமிடத்துக்குள் நெருப்பிலிருந்து அவர் ஏறி வெளியே வந்தார், கையில் தீக்காயங்களோடு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே ஹாலோவுக்கு நன்றி சொன்னார்.

ரசிகர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியிருந்தால் அந்த வளையம் வந்திருக்குமா? நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தால் வந்திருக்குமா? விதி போட்டதால் வந்தது. இன்று அது இல்லாத ஃபார்முலா 1 காரைப் பார்த்தால் கண்ணுக்கே என்னவோ குறைகிறது.

ஆக, மூன்றில் ஒன்று கூடினால் ஒன்று குறையும் என்பது இயற்கை விதி கிடையாது. பாதுகாப்பை முதல் வரைபடத்திலேயே வைத்தால் மற்ற இரண்டும் அதற்கேற்ப வளையும். கடைசியில் ஒட்டவைத்தால்தான் அசிங்கமாக இருக்கும், எடை கூடும், விலை ஏறும். முதலிலேயே யோசிக்காத சோம்பலுக்கு வைத்த கௌரவமான பெயர்தான் "பேலன்ஸ்".

*

இப்போது எனக்கு மிகவும் உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் பெரும்பாலும் காருக்கு உள்ளே இருப்பவர் கதை.

2024 மே 19 அதிகாலை, புனே கல்யாணி நகர். 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாக வழக்குப் பதிவான போர்ஷே டைக்கான் மோதி, பைக்கில் போன இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. காரை மட்டும் பாருங்கள். டைக்கான் யூரோ என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கிய கார். எடை 2 டன்னுக்கு மேல். உள்ளே இருந்தவர்களை அது காப்பாற்றியது. தன் வேலையைச் சரியாகச் செய்தது. வெளியே இருந்தவர்களுக்கு எத்தனை நட்சத்திரம்?

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய அரசின் கணக்கு. இதில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். கூட்டிப் பாருங்கள், மூன்றில் இரண்டு பங்கு நெருங்குகிறது. இவர்களுக்கு ஏர்பேக் இல்லை, கசங்கும் மூக்கு இல்லை, கூண்டு இல்லை. அதே ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாடு, 64,105.

அரசு மருத்துவமனை எமர்ஜென்சிக்கு ஒரு நாள் வந்து பார்த்தால் புரியும். எங்கள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவர் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கார் முதலாளி இல்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் காய்கறி மூட்டையோடு போனவர். நைட் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ரோட்டைக் கடந்தவர். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில் அரசு செலவு செய்கிறது. நல்ல திட்டம், எத்தனையோ உயிர் காத்த திட்டம். ஆனால் யோசியுங்கள். ஒருத்தரின் கிளர்ச்சிக்கு பில் போடப்படுவது ஊர்ப் பணத்தில்.

"என் கார், என் காசு, என் ரிஸ்க்" என்பவர்களுக்கு இதுதான் பதில். ரிஸ்க் உங்களுடையது மட்டும் என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். வேகத்தை ரசிக்க ஆசையா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தளம் இருக்கிறது. கோயம்புத்தூரில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. ஹெல்மெட், பெல்ட், மருத்துவக் குழு எல்லாம் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். கை தட்டி உற்சாகப்படுத்த நானும் வருகிறேன். ஈசிஆர் ரோடு உங்கள் பந்தயத் தளம் இல்லை.

*

"போர்ஷே வாங்க எங்ககிட்ட காசு ஏது டாக்டர், எங்களுக்கு எதுக்கு இந்தக் கதை?"

கதை உங்களுக்குத்தான். ஸ்போர்ட்ஸ் காரில் பிறந்த ஃபேஷன் பத்து லட்ச ரூபாய்க் காருக்கும் இறங்கி வந்துவிட்டது. பெயரில் "ஸ்போர்ட்" இருக்கும். பின்னால் எதையும் அழுத்தாத பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருக்கும். சிவப்புத் தையல் போட்ட சீட், பெரிய அலாய் வீல், சன்ரூஃப் இருக்கும். ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் மட்டும் சில மாடல்களில் விலை கூடின வேரியன்ட்டில்தான் இருக்கும். வேகத்தின் வேஷம் எல்லாருக்கும், வேகத்தைத் தாங்கும் பாதுகாப்பு காசுள்ளவனுக்கு!

கார் வாங்கப் போகிறீர்களா? ஷோரூமில் கேளுங்கள்:

1. பாரத் என்கேப் அல்லது குளோபல் என்கேப் சோதனையில் எத்தனை நட்சத்திரம்? பெரியவர்களுக்கு எவ்வளவு, குழந்தைகளுக்கு எவ்வளவு?

2. நான் வாங்கும் இதே வேரியன்ட்டில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கா?

3. பின்சீட்டு நடுவில் உட்காருகிறவருக்கும் மூன்று முனை பெல்ட் இருக்கா?

4. 0-விலிருந்து 100 எத்தனை விநாடி என்று அவர்களே சொல்வார்கள். 100-லிருந்து 0-வுக்கு எத்தனை மீட்டர் என்று நீங்கள் கேளுங்கள்.

5. டயர் எந்த வருடம் தயாரானது? பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பதில் தெரியாமல் விற்பனையாளர் விழித்தால் பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர் படித்துவிட்டு வருவார். நூறு பேர் கேட்டால் கம்பெனிக்குச் செய்தி போகும்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. உயிர் காக்கும் கருவியை வேரியன்ட் பார்த்துக் கொடுக்கும் வியாபாரத்தை நிறுத்துங்கள். கார் எத்தனை நட்சத்திரம் என்று மதிப்பிடும்போது, அதன் முன்னால் நடந்து போகிறவருக்கும் பைக்கில் போகிறவருக்கும் அந்த மதிப்பெண்ணில் இடம் கொடுங்கள்.

பிள்ளைகளுக்குச் சாவி கொடுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அஜித்குமார் மாதிரி ஓட்டணும் என்று பையன் சொன்னால் திட்டாதீர்கள். அவர் மாதிரி முதலில் பெல்ட் போடச் சொல்லுங்கள், ஹெல்மெட் போடச் சொல்லுங்கள், பயிற்சி எடுக்கச் சொல்லுங்கள், வேகத்தைப் பந்தயத் தளத்தில் மட்டும் காட்டச் சொல்லுங்கள்.

அழகான காரை நானும் நின்று பார்ப்பேன். ரோட்டில் ஒரு நல்ல எஞ்சின் சத்தம் கேட்டால் எனக்கும் தலை திரும்பும். அந்தக் கார் போன பிறகு ரோட்டைக் கடக்கிற பாட்டியும் பத்திரமாக மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

புதுக் கார் வாங்கும் யோசனையில் இருக்கும் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள்.